காற்றுக்குக் கணக்கு வைத்தவர்கள்

உயர்தர வகுப்பிலே விஞ்ஞானம் கற்கும் பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால், அப்பிள்ளையின் எதிர்காலம் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிடும். உயிரியல் கற்றால் வைத்தியர். கணிதம் கற்றால் பொறியியலாளர். இவ்விரண்டும் உயர்ந்த தொழில்கள் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயினும் அந்த இரண்டு வாயில்களிலும் நுழைய இடங் கிடைக்காத பிள்ளைகளும், இடங் கிடைத்தும் மனம் வேறிடத்தில் நிற்கும் பிள்ளைகளும் நம் வீடுகளிலே பலர் உளர். அவர்களுக்கு நாம் காட்டத்தக்க வேறு வழி யாது என்று சிந்திப்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமையாகும்.

இந்நாளிலே 'காலநிலை மாற்றம்' என்னும் சொல்லைக் கேளாத செவியில்லை. மழை பருவந் தவறிப் பெய்யினும், வெயில் மிகினும் அச்சொல் எழுகின்றது. ஆயின், காலநிலை மாறுகின்றது என்பதை முதலிற் கண்டு சொன்னவர் யாவர்? அவர்கள் எவ்வாறு கண்டனர்? அவர்கள் செய்த உத்தியோகம் எத்தகையது? ஒரு பிள்ளை அதனைத் தன் வாழ்க்கைத் தொழிலாக ஏற்கலாமா? இவ்வினாக்களுக்கு விடை காண, நான்கு நாடுகளிற் பிறந்த நால்வரின் வாழ்க்கையை இங்கு நோக்குவோம். நால்வரும் ஏறத்தாழ ஒரே காலத்திலே, 1957 யூலை முதல் 1958 டிசெம்பர் வரை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கூடி நடத்திய சர்வதேசப் பூபௌதிக ஆண்டினை ஒட்டித் தம் பணியிலே காலூன்றியவர்கள்.

மலையுச்சியில் ஒரு கருவி

முதலாமவர் சார்ள்ஸ் டேவிட் கீலிங். 1928ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்திலே பிறந்தவர். இரசாயனவியலிலே கலாநிதிப் பட்டம் பெற்ற காலத்தில், அத்துறை கற்றவர்களைப் பெரிய கம்பனிகள் நல்ல சம்பளத்துடன் அழைத்துக்கொண்டிருந்தன. கீலிங்கோ மலைகளையும் வெளிகளையும் நேசித்தவர். கம்பனி வேலையை விடுத்து, கலிபோர்னியாவில் உள்ள ஓர் உயர் கல்வி நிறுவனத்திற்குச் சென்று, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை நுட்பமாக அளக்கும் கருவி ஒன்றைத் தாமே செய்தார்.

அக்காலத்திலே காற்றில் அவ்வாயு எவ்வளவு உண்டென்பதில் அறிஞரிடையே ஒற்றுமை இல்லை. இடத்துக்கு இடம் அது மாறும் என்றே பலர் எண்ணியிருந்தனர். கீலிங் கண்ணாடிக் குடுவைகளைச் சுமந்துகொண்டு காட்டிலே தங்கி, நள்ளிரவிலும் உறக்கம் விட்டெழுந்து, சில மணிக்கு ஒரு தடவை காற்றைப் பிடித்து அடைத்தார். இரவிலே மரஞ் செடிகளும் மண்ணும் விடும் மூச்சினால் நிலத்தருகே அவ்வாயு கூடுகின்றது; பகலிலே வெயிலினால் காற்று கலங்கி, பிற்பகலில் எங்கும் ஏறத்தாழ ஒரே அளவுக்கு வந்துவிடுகின்றது. பத்து இலட்சம் பங்கு காற்றில் ஏறத்தாழ 310 பங்கு என்பதே அவ்வளவு. உலகக் காற்றுக்குப் பொதுவான ஓர் அளவு உண்டு என்பது இவ்வாறு புலனாயிற்று.

1956ஆம் ஆண்டிலே அவர் ஸ்கிரிப்ஸ் சமுத்திரவியல் நிறுவனத்திற் சேர்ந்தார். ஊர்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் எட்டாத தூய காற்று வீசும் இடமாக ஹவாய்த் தீவின் மௌனா லோவா எரிமலைச் சரிவு தெரிந்தெடுக்கப்பட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,400 மீற்றர் உயரத்தில் உள்ள அவதான நிலையத்திலே, 1958 மார்ச்சு மாதம் அவருடைய கருவி வேலை செய்யத் தொடங்கியது. முதல் நாட் காட்டிய அளவு 313.

கருவியின் தத்துவம் எளிது. காபனீரொட்சைட்டு வெப்பக் கதிராகிய செந்நிறக்கீழ்க் கதிரை உறிஞ்சும் இயல்புடையது. ஒரு குழாயினூடாகக் காற்றைச் செலுத்தி அக்கதிரை அதனூடே பாய்ச்சினால், எவ்வளவு கதிர் குறைந்தது என்பதைக் கொண்டு எவ்வளவு வாயு உண்டு என்பதைக் கணிக்கலாம். தத்துவம் எளிதாயினும் பணி எளிதன்று. நேர்மையான கடைக்காரன் தன் படிக்கற்களை அடிக்கடி சரிபார்ப்பது போல, அளவு தெரிந்த வாயுவைச் செலுத்திக் கருவியை நாள்தோறும் சரிபார்த்தல் வேண்டும். மலையடிவாரச் செடிகளின் மூச்சு பட்ட காற்றும், எரிமலைப் பிளவிலிருந்து வரும் வாயுவும் கலந்த வேளைகளின் அளவுகளைத் தெரிந்து நீக்குதல் வேண்டும். எதனை நீக்குவது என்பதற்கும் மனம் போன போக்கன்றி, முன்னரே வகுத்த விதி வேண்டும்.

ஈராண்டுக்குள் இரு உண்மைகள் வெளிப்பட்டன. ஆண்டுதோறும் மே மாதத்தில் அளவு உயர்ந்து, பின்னர் புரட்டாதி, ஐப்பசி வரை தாழ்ந்து, மீண்டும் உயர்கின்றது. வடகோளத்துத் தாவரங்கள் தளிர்த்து வாயுவை உட்கொள்வதும், இலையுதிர்ந்து மக்கி அதனைத் திரும்ப விடுவதுமே இதன் காரணம். பூமி முழுவதும் ஆண்டுக்கு ஒரு முறை மூச்சு விடுவதை ஒரு மலையுச்சியில் இருந்த கருவி கண்டுவிட்டது! இரண்டாவது உண்மை, ஒவ்வோர் ஆண்டின் மூச்சும் சென்ற ஆண்டினதைவிடச் சற்று மேலே நின்றது என்பது. நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் எழும் வாயு காற்றிலே தங்குகின்றது என்பதற்கு அதுவே கண்கூடான சான்று. 1960ஆம் ஆண்டிலே கீலிங் இதனை வெளியிட்டார்.

இத்தகைய பணிக்கு உலகம் உடனே மாலை சூட்டியிருக்கும் என்று வாசகர் எண்ணக்கூடும். நடந்தது வேறு. 1964ஆம் ஆண்டின் தொடக்கத்திலே பணமின்மையால் மௌனா லோவாவின் அளவெடுப்புச் சில மாதங்கள் நின்றுபோயிற்று. இன்றும் அந்த வரைபை உற்று நோக்குபவர் அவ்விடத்திலே ஓர் இடைவெளியைக் காண்பர். பின்னரும் பல தடவை, "இது ஒரே அளவைத் திரும்பத் திரும்ப எடுப்பதுதானே, இதில் ஆராய்ச்சி எங்கே உண்டு?" என்னும் கருத்துப்படப் பணம் வழங்குவோர் வாதிட்டனர். கீலிங் விடவில்லை. 2005ஆம் ஆண்டிலே காலமாகும் வரை, நாற்பத்தேழு ஆண்டுகள் அக்கணக்கைக் காத்தார். அவருக்குப் பின் அவர் மகன் ரால்ஃப் கீலிங் அதனைத் தொடர்கின்றார். 1958இல் 313 ஆக இருந்த அளவு 2025 மே மாதச் சராசரியிலே 430ஐத் தாண்டிவிட்டது. கைத்தொழிற் புரட்சிக்கு முன் அது ஏறத்தாழ 280 ஆக இருந்தது என்பதைத் துருவப் பனிக்கட்டியுள் அடைபட்ட பழங்காற்று காட்டுகின்றது.

வைரத் தோடு வேண்டாத சிறுமி

இரண்டாமவர் நமக்கு அயலவர். திருவிதாங்கூரின் பீர்மேட்டிலே 1918ஆம் ஆண்டு பிறந்த அன்னா மாணி. வசதி மிக்க குடும்பம். ஆண் மக்களை உத்தியோகத்துக்கும் பெண் மக்களைத் திருமணத்துக்கும் ஆயத்தஞ் செய்வதே அக்குடும்பத்தின் வழக்கம். எட்டாவது பிறந்த நாளுக்கு வைரத் தோடு பரிசாக வந்தபோது, தோடு வேண்டாம், கலைக்களஞ்சியமே வேண்டும் என்று கேட்டுப் பெற்றார் அச்சிறுமி என்பர்.

சென்னை மாநிலக் கல்லூரியிலே பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அங்கே அவர் ஆராய்ந்த பொருள் வைரமும் மாணிக்கமும்! அவற்றின் ஒளியியல்பு பற்றித் தனித்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குச் சமர்ப்பித்தார். முதுமாணிப் பட்டம் இல்லை என்னும் காரணத்தால் கலாநிதிப் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் கடைசி வரை அப்பட்டமின்றியே வாழ்ந்தார்.

1945ஆம் ஆண்டிலே அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று இலண்டன் சென்றார். பௌதிகவியல் கற்க எண்ணியவருக்குக் கிடைத்தது வானிலைக் கருவிகள் பற்றிய பயிற்சி. கிடைத்ததைக் குறைவென்று கருதாது அதிலேயே தேர்ந்தார். 1948இல் நாடு திரும்பி, பூனாவிலுள்ள இந்திய வானிலை இலாகாவிற் சேர்ந்தார். சாதாரண மழைமானியையும் வெப்பமானியையும்கூட வெளிநாட்டிலிருந்து தருவித்த காலம் அது. ஏறத்தாழ நூறு வானிலைக் கருவிகளுக்கு வரைபடம் ஆக்கி, அவற்றை உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார். சர்வதேசப் பூபௌதிக ஆண்டிலே இந்தியாவின் பல பாகங்களிலும் சூரிய ஒளியை அளக்கும் நிலையங்களை நிறுவினார். 1960களிலே பலூனில் ஏற்றி ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்குவதில் முன்னின்றார்.

பிழையான அளவை எடுப்பதிலும் அளவெடுக்காதிருத்தல் மேல் என்பது அவருடைய கொள்கை. 1976இல் இலாகாவின் உதவித் தலைமைப் பணிப்பாளர் நிலையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும், இந்தியாவின் சூரிய வெப்பம், காற்று ஆகியன பற்றிய பெருங் கணக்கு நூல்களைத் தொகுத்தார். சூரிய சக்தி நிலையமும் காற்றாலையும் எங்கே அமைப்பது என்று முடிவு செய்வோருக்கு அந்நூல்கள் கைவிளக்காயின. 2001ஆம் ஆண்டிலே காலமானார்.

பனிப் பாலையும் கணிப்பொறியும்

மூன்றாமவர் பிரித்தானியரான ஜோ ஃபார்மன். தென்துருவக் கண்டத்திலே ஹாலி விரிகுடாவில் பூபௌதிக ஆண்டுக்கென அமைத்த நிலையத்தில், வானத்தின் ஓசோனை அளக்கும் பணி ஆண்டுதோறும் நடந்து வந்தது. சூரியனின் தீய கதிர்களைத் தடுத்து நம்மைக் காப்பது ஓசோன் படலம் என்பதை மாணவர் அறிவர். கால் நூற்றாண்டு காலம் அந்த அளவெடுப்பால் அதிசயம் எதுவும் விளையவில்லை. இதனை நிறுத்தினால் என்ன என்று கேட்டவர்களும் இருந்தனர்.

பின்னர் ஐப்பசி மாத அளவுகள் ஆண்டுக்கு ஆண்டு வீழத் தொடங்கின. முன்னர் 300 அலகளவில் இருந்தது 1984ஆம் ஆண்டளவில் 200க்குக் கீழே சென்றது. கருவி பழுதோ என்று ஐயுற்று, வேறு கருவி கொண்டு சென்று சரிபார்த்தார் ஃபார்மன். 1985 மே மாதம், அவரும் கார்டினர், ஷாங்க்ளின் ஆகிய இருவரும் அதனை உலகுக்கு வெளியிட்டனர். அவர்களுள் ஷாங்க்ளின், குவிந்து கிடந்த பழைய அளவுக் குறிப்புக்களைக் கணிப்பொறியில் ஏற்றும் பணிக்கெனச் சேர்ந்த இளம் பட்டதாரி! குளிர்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்புக் குப்பிகளிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன் என்னும் வாயுக்களே காரணம் என நிறுவப்பட்டது. 1987இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. உலக நாடுகள் யாவும் அதில் ஒப்பமிட்டுள்ளன. இன்று ஓசோன் படலம் மெல்ல மெல்ல ஆறி வருகின்றது.

நான்காமவர் யப்பானியரான சியுகுரோ மனாபே. கிராமத்திலே வைத்தியம் பார்த்த குடும்பம். பாட்டனாரும் தந்தையாரும் வைத்தியர்கள். மகனும் வைத்தியராவார் என்றே வீட்டார் எதிர்பார்த்தனர். அவரோ வளிமண்டலத்தைக் கற்று, 1958இல் கலாநிதிப் பட்டம் பெற்று அமெரிக்கா சென்றார். வளிமண்டலத்தின் இயக்கத்தைச் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறிக்குள் இட்டு, காபனீரொட்சைட்டு இருமடங்கானால் பூமியின் வெப்பம் எவ்வளவு உயரும் என்பதை 1967ஆம் ஆண்டிலே வெதரால்ட் என்பவருடன் சேர்ந்து கணித்துக் காட்டினார். அப்பணிக்காகப் பௌதிகவியல் நோபல் பரிசு அவரை வந்தடைந்தது 2021ஆம் ஆண்டிலே, தொண்ணூறாவது வயதிலே.

இத்தொழில் எத்தகையது?

இந்நால்வர் வாழ்க்கையினின்றும் மாணவர் அறியத்தக்கது ஒன்றுண்டு. நோயாளி குணமடைந்தால் வைத்தியர் அன்றே மகிழ்கின்றார். பாலம் கட்டி முடிந்தால் பொறியியலாளர் அதன்மேல் நடந்து பார்க்கின்றார். சுற்றாடல் ஆராய்ச்சியாளருக்கோ தம் உழைப்பின் பயன் பத்து, இருபது ஆண்டுகளின் பின்னரே தெரியலாம். தம் காலத்தில் தெரியாமலும் போகலாம். இதற்கு உடன்படும் மனமே இத்தொழிலின் முதற் தகுதி. கூர்மையான மூளை வேண்டும் என்பது உண்மையே. அதனினும் அரிது, எவரும் பாராத வேளையிலும் அளவைத் திருத்தமாக எடுத்து, எதிர்பார்த்ததற்கு மாறாக வந்தாலும் அதனை மாற்றாது எழுதிவைக்கும் நேர்மை.

துன்பங்களையும் மறைத்தலாகாது. கலாநிதிப் பட்டத்தின் பின்னரும் நிரந்தரப் பதவி கிடைக்கும் வரை, ஈராண்டு மூவாண்டுத் தவணைகளில் ஊர் ஊராக மாறி வேலை செய்ய நேரிடும். வைத்தியருக்கோ பொறியியலாளருக்கோ கிடைக்கும் வருவாயை இத்துறையில் எதிர்பார்த்தல் கூடாது. அரசுகள் மாறினால் பணமும் நிற்கலாம். 2025ஆம் ஆண்டிலே அமெரிக்க அரசு முன்வைத்த வரவு செலவுத் திட்டம், மௌனா லோவா நிலையத்துக்கான நிதியையே நீக்கும்படி முன்மொழிந்தது. கீலிங் 1964இல் கண்ட இடர் இன்னும் தீர்ந்தபாடில்லை.

நம் பிள்ளைகளுக்குரிய வழி

இத்துறைக்குள் நுழைய ஒரே வாயில்தான் உண்டு என்று எண்ண வேண்டா. கீலிங் இரசாயனவியலாளர், மாணி பௌதிகவியலாளர், மனாபே கணிதத்தில் ஊன்றியவர். தாவரவியல், விலங்கியல், புவியியல், புள்ளிவிபரவியல் கற்றோருக்கும் இங்கே இடமுண்டு. ஆதலின் வைத்தியத்துக்கோ பொறியியலுக்கோ வேண்டிய புள்ளிகள் சிறிது குறைந்த பிள்ளை, எல்லாம் இழந்தோம் என்று சோர்தல் தகாது. விஞ்ஞான பீடத்திற் சேர்ந்து, ஒரு பாடத்தை ஆழக் கற்று, நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெறுக. கணிதத்தையும் புள்ளிவிபரத்தையும் எந்தப் பாடத்தோடும் சேர்த்துக் கற்க. அவையின்றி இத்துறையில் ஓரடியும் நடக்க முடியாது. கணிப்பொறிக்கு ஆணை எழுதவும் பழகுக. ஆங்கிலத்திலே ஆய்வுக் கட்டுரையை வாசிக்கவும் எழுதவும் பயிலுக. அதன்பின் கலாநிதிப் பட்ட ஆய்வுக்குப் பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் கட்டணத்தை விலக்கி, வாழ்க்கைச் செலவுக்குப் படியும் வழங்குகின்றன என்பதைப் பெற்றோர் அறிந்திருத்தல் நன்று. நம் நாட்டிலும் பல்கலைக்கழகங்கள், வளிமண்டலவியல் திணைக்களம், மத்திய சுற்றாடல் அதிகாரசபை, நீர்வளச் சபை முதலியன இத்துறை கற்றோரை வேண்டி நிற்பவை.

ஆராய்வதற்கு இங்கே பொருள் குறைவோ? யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுமில்லை. ஐப்பசி தொட்டு மார்கழி வரை பெய்யும் வாடைக்காற்று மழை, சுண்ணக்கல்லின் துளைகளில் இறங்கித் தேங்கி நிற்பதே நம் கிணறுகளின் நீர். அந்நீரை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் அடியிலுள்ள உவர்நீர் மேலேறும். தோட்டங்களுக்கு இடும் பசளையும் மலக்குழிக் கசிவும் கலந்து, பல கிணறுகளிலே நைத்திரேற்று மிகுந்திருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கிழக்கிலே, 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியை முதியோர் இன்னும் மறந்திலர். கடல் மேலெழும்போது தாழ்ந்த கரையோரங்களின் கிணறும் வயலும் என்னாகும்? மழையின் போக்கு எவ்வாறு மாறுகின்றது? இவற்றுக்கு விடை நூலகத்தில் இல்லை. கிணற்றருகே மாதந்தோறும் நின்று உவர்ப்பையும் நீர்மட்டத்தையும் அளந்து, பத்தாண்டு, இருபதாண்டு விடாது எழுதிவைப்பவர் ஒருவரிடமே அவ்விடை பிறக்கும்.

இதற்குப் பட்டம் பெறும் வரை காத்திருக்கவும் வேண்டா. பாடசாலை வளவிலே ஒரு மழைமானியை வைத்து, நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் அளந்து, கொப்பியில் திகதியிட்டு எழுதுதல் எந்த மாணவனுக்கும் மாணவிக்கும் இயலும். ஓராண்டு அவ்வாறு எழுதிய பிள்ளைக்கு, விடுமுறை நாளிலும் மழை பெய்யும் என்பதும், ஒரு நாள் தவறினால் மாதக் கணக்கே பழுதாகும் என்பதும் பாடப் புத்தகத்தின் உதவியின்றியே விளங்கிவிடும். அவ்வேலை சலிப்பைத் தந்தால், இத்தொழில் தனக்கு உரியதன்று என அப்பிள்ளை காலத்தோடு அறிந்துகொள்ளும். சலிப்பைத் தராது, நாளைய அளவு என்னவோ என்னும் ஆவலைத் தந்தால், பெற்றோர் அந்த ஆவலுக்குக் குறுக்கே நில்லாதிருப்பாராக.

வேறு பல வேலைகளை ஒத்திப்போடலாம். இன்று கட்டாத வீட்டை அடுத்த ஆண்டு கட்டலாம். ஆனால் இன்று அளக்காத காற்றையும் இன்று அளக்காத கிணற்றையும் எந்த அறிஞரும் எத்துணைப் பொருள் செலவிட்டும் பின்னர் அளக்க முடியாது. 1964ஆம் ஆண்டின் அந்தச் சில மாத இடைவெளி மௌனா லோவாவின் வரைபிலே என்றும் வெறுமையாகவே இருக்கும். நம் ஊர்க் கிணறுகளின் கணக்கிலே அத்தகைய வெறுமை எத்தனை ஆண்டு நீளுவது என்பது, இன்று வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளையும், அவர்களை எத்தொழிலுக்கு அனுப்புவது என்று இன்றிரவு வீட்டிலே பேசப்போகும் பெற்றோரையும் பொறுத்தது.